மாநாடு எதற்கு? மதுவை விட்டோர் தரும் பாடம்

1935ஆம் ஆண்டு. ஐக்கிய அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களேயான பில் வில்சன், தாம் மீண்டும் விழாதிருக்க இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். சத்திரசிகிச்சை வைத்தியர் பொப் ஸ்மித்தைச் சந்தித்தார். இருவரும் ஒருவருக்கொருவர் துணையாயினர். இவ்வாறு ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ தோழமை பிறந்தது.

குழுக்கள் பெருகின. பணம், பதவி, புகழ் பற்றிய பிணக்குகளும் எழுந்தன. தொடக்கியோர் மறைந்தபின் தோழமை நிலைக்குமா?

1950 யூலையில் கிளீவ்லண்ட் நகரில் முதலாவது சர்வதேச மாநாடு கூடியது. அங்கு பன்னிரு மரபுகள் ஏற்கப்பட்டன. குடியை விடும் விருப்பமே அங்கத்துவத்துக்குப் போதும். வெளியார் பணம் வேண்டாம். பத்திரிகையில் பெயர் வெளியிடலாகாது என்பன அவற்றுட் சில. கடும் நோயுற்றிருந்த பொப், எளிமையைக் காக்குமாறு அங்கு வேண்டினார். அவ்வாண்டு நவம்பரில் காலமானார். 1955இல் சென் லூயிஸ் மாநாட்டில், தோழமையின் பொறுப்பு அங்கத்தவரின் பிரதிநிதிகளிடம் கையளிக்கப்பட்டது.

இன்றைய பிராந்திய மாநாடுகளிலும் மீண்டவர்கள் தம் அனுபவத்தைப் பகிர்கின்றனர். சிறு குழுவிலிருந்து வருபவர், “நான் தனியன் அல்லன்” என உணர்கிறார். ஆயினும் மாநாடு சில நாட்களே. வீடு திரும்பியவரைத் தாங்குவது ஊரிலுள்ள வாராந்தக் கூட்டமே.

சிந்திக்க:
1. எமது சங்கம் தலைவரின்றி நிலைக்குமா?
2. குடியை விட முயல்பவருக்கு எமது ஊரில் துணை யார்?