எகிப்தியப் பெண்கல்விச் சிந்தனையில் சமத்துவம்: காசிம் அமீனும் நபவிய்யா மூசாவும்

அரபுச் சமூகங்களில் பெண் சமத்துவம் பற்றிய மனப்பாங்கைக் கல்வியே மாற்றியது என்பது பலராலும் வழிமொழியப்படும் கருத்தாகும். எத்தகைய கல்வி, எந்நோக்கிற்கான கல்வி என்னும் வினா அக்கூற்றில் மறைந்துவிடுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தில் எழுந்த எழுத்துகளைக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

எகிப்தின் பெண்விடுதலைச் சிந்தனையைக் காசிம் அமீனிலிருந்து தொடங்குவது மரபு. பிரான்சில் சட்டம் பயின்று நீதிபதியாக விளங்கிய இவர், 1899இல் 'தஹ்ரீர் அல்-மர்ஆ' (பெண்ணின் விடுதலை) என்னும் நூலை வெளியிட்டார். முகத்திரை, மணவிலக்கு, பலதார மணம் ஆகியன குறித்த இவருடைய கருத்துகள் கடுங்கண்டனத்திற்கு உள்ளாயின. கல்வியைப் பொறுத்தவரை இவர் கேட்டதோ மிகக் குறைவு. ஆணுக்கு நிகரான கல்வியை அந்நூல் கோரவில்லை. தொடக்கக் கல்வியளவில் நின்றுவிடுகிறது. கற்ற தாய், அவளால் சிறக்கும் இல்லறம், அதனால் உயரும் நாடு என்பதே வாதத்தின் போக்கு. இங்குக் கல்வி பெண்ணின் உரிமையாக அன்றி, நாட்டுக்கான கருவியாகவே அமைகிறது எனலாம்.

கற்ற பெண்ணின் நோக்கு இதனின் வேறானது. கெய்ரோவின் சனிய்யா பள்ளியில் ஆசிரியப் பயிற்சி பெற்ற நபவிய்யா மூசா (1886–1951), ஆண் ஆசிரியரின் ஊதியத்தில் பாதியே தமக்குத் தரப்படுவதைக் கண்டார். அவர்களிடம் மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ் உண்டு என்பது காரணமாகக் காட்டப்பட்டது. பெண்களுக்கு மேல்நிலைப் பள்ளியே இல்லாத காலம் அது. தாமே வீட்டிலிருந்து பயின்று, ஆங்கிலேயர் பிடியிலிருந்த கல்வித்துறையின் தயக்கத்தையும் மீறி 1907இல் தேர்வெழுதி வென்றார். சமத்துவம் என்பது இவருக்குக் கருத்தியலாகத் தோன்றுமுன் சம்பளப் பட்டியலில் தோன்றிவிட்டது. 1920இல் வெளிவந்த 'அல்-மர்ஆ வல்-அமல்' (பெண்ணும் தொழிலும்) இவ்வனுபவத்தின் விரிவாகவே கொள்ளத்தக்கது. ஆண், பெண் அறிவு வேறுபாடு பிறப்பால் வருவதன்று, வளர்ப்பால் வருவது என அந்நூல் வாதிடுகிறது. எகிப்தியப் பெண்ணைக் கல்லாதவளாக வைத்திருப்பதால் அவள் செய்யத்தக்க பணிகள் அயல்நாட்டுப் பெண்களிடம் செல்கின்றன என்றும் சுட்டுகிறது. நாட்டுப்பற்று இதிலும் உண்டு. ஆனால் கூலி பெண்ணின் கையில் சேர்கிறது.

கல்வி ஒரே வகையான மனப்பாங்கை உருவாக்கியது என்பதும் பொருந்தாது. அதே சனிய்யாவில் பயின்ற மலக் ஹிஃப்னி நாசிஃப் (1886–1918), திருமணத்திற்குப்பின் ஆசிரியப் பணியை விட்டவர். பலதார மணத்தை வன்மையாகக் கண்டித்த இவர், முகத்திரையை உடனே களையச் சொன்ன ஆண் சீர்திருத்தவாதிகளோடு உடன்படவில்லை. பெண் எதை உடுத்தவேண்டும் என்பதையும் ஆணே விதிப்பதா என்பது இவர்தம் வினா. இதனைப் பழமைப்பற்று என ஒதுக்குவது எளிது. காசிம் அமீனின் நூலில் எழாத வினா இது என்பதே நோக்கத்தக்கது.

நபவிய்யா மூசா பெற்ற சான்றிதழை அடுத்தொரு எகிப்தியப் பெண் பெற 1928 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த 21 ஆண்டுகளும் 'பெண்ணின் விடுதலை' பேசப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. இடையில் இல்லாதிருந்தது பெண்களுக்கான மேல்நிலைப் பள்ளி.