விமானப் பயணத்தில் டோர்ச்சும் பெட்டரியும்



தோட்டத்தில் டோர்ச் இல்லாமல் இரவு இல்லை. லயத்திலிருந்து மலசலகூடத்துக்குப் போகவும், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவும், ஸ்டோர் காவலுக்கும் அதுதான் துணை. ஆகவே சவூதி, குவைத், டுபாய், கட்டார் என்று வேலைக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும்போது டோர்ச் ஒன்றையும் வைத்துக்கொள்கிறார்கள். லீவில் திரும்பும்போது வீட்டுக்கென்று சார்ஜ் டோர்ச் வாங்கி வருகிறவர்களும் உண்டு.

விமானத்தில் டோர்ச் கொண்டு போகலாமா? போகலாம். ஆனால் எந்தப் பையில் வைக்கிறோம், உள்ளே இருப்பது எந்தப் பெட்டரி என்பவை முக்கியம். இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

1. இரண்டு பைகள்

விமானப் பயணிக்கு இரண்டு வகைப் பொதி உண்டு. ஒன்று, கவுண்டரில் நிறுத்து, துண்டு ஒட்டி அனுப்பும் பெரிய பெட்டி. அது விமானத்தின் அடிப்பகுதிக்குப் போய்விடும். இறங்கிய பிறகுதான் அதைக் காண்போம். மற்றது, நம்மோடு உள்ளே வரும் கைப்பை.

"நெருப்புப் பிடிக்கிற சாமான் என்றால் ஆட்கள் இல்லாத இடத்தில் போடுவதுதானே நல்லது?" என்று நினைக்கத் தோன்றும். விமானத்தில் இதற்கு நேர்மாறான சட்டம்தான் இருக்கிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

2. பெட்டரியை அடையாளம் காணுங்கள்

அ) சாதாரண பெட்டரி: கடையில் வாங்கிப் போட்டு, முடிந்ததும் எறிகிற 1.5 வோல்ட் பெட்டரி. இதைக் கைப்பையிலும் பெரிய பெட்டியிலும் கொண்டு போகலாம். இரு முனைகளும் வேறு உலோகத்தில் படாமல் இருந்தால் சரி.

ஆ) லித்தியம் அயன் பெட்டரி: சார்ஜ் பண்ணும் சிறிய டோர்ச், கைத்தொலைபேசி, பவர் பேங்க் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். கழற்றிய நிலையில் உள்ள மேலதிக லித்தியம் பெட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும். பெரிய பெட்டிக்குள் வைக்கவே கூடாது.

இ) ஈய அமில பெட்டரி: கரண்ட் போனால் கொளுத்தும் கனமான சார்ஜ் விளக்குகள் சிலவற்றில் இருக்கும். திரவம் சிந்தக்கூடிய வகைக்கு அனுமதி இல்லை. மூடிய வகைக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. வாங்குவதற்கு முன் விமான நிறுவனத்திடம் கேளுங்கள்.

மின்சார அதிர்ச்சி கொடுக்கும் டோர்ச்சும் கடைகளில் விற்கப்படுகிறது. அது ஆயுதமாகக் கணிக்கப்படும். இரண்டு பையிலும் வேண்டாம்.

3. ஏன் இந்தச் சட்டம்?

லித்தியம் பெட்டரி கீழே விழுந்து நசுங்கினாலோ, உள்ளே பழுது இருந்தாலோ, முனைகள் சாவியிலோ சில்லறைக் காசிலோ பட்டு ஒன்றோடொன்று இணைந்தாலோ சூடேறும். ஓர் அளவுக்கு மேல் போனால் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. ஒரு பெட்டரி எரிந்தால் பக்கத்தில் உள்ளதும் பற்றிக்கொள்ளும்.

விமானத்தின் அடிப்பகுதியில் தீயணைக்கும் வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும். ஆனால் லித்தியம் பெட்டரிக்குள் ஏறும் சூட்டை நிறுத்தாது. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பறக்கும்போது அடிப்பகுதிக்குப் போய் யார் ஊற்றுவது? ஆட்கள் இருக்கும் இடத்தில் என்றால் புகை வந்த உடனேயே தெரியும். பணியாளர்கள் ஓடி வந்து அணைப்பார்கள். இதனால்தான் "உன்னோடு வைத்துக்கொள்" என்கிறார்கள்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானமொன்றில், லித்தியம் பெட்டரிகள் இருந்த பொதிகளில் தீ மூண்டது. விமானம் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் உயிரிழந்தனர். 2025 ஜனவரி 28ஆம் திகதி தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், புறப்பட நின்ற விமானத்தின் மேல் தட்டில் தீப்பிடித்தது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். விமானம் தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினர்.

4. ஒரு சிறு கணக்கு

பெட்டரியின் சக்தியை வாட் அவர் என்ற அளவில் சொல்வார்கள். 100 வாட் அவர் வரை கைப்பையில் கொண்டு போகலாம். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160க்கு மேல் அனுமதி இல்லை.

பவர் பேங்கில் எம்.ஏ.எச். என்ற அளவுதான் பெரிதாக எழுதியிருக்கும். அதை 1,000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள்.

10,000 என்றால்: 10 x 3.7 = 37 வாட் அவர்.
20,000 என்றால்: 20 x 3.7 = 74 வாட் அவர்.
30,000 என்றால்: 30 x 3.7 = 111 வாட் அவர். இதற்கு அனுமதி வேண்டும்.

அளவு அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்பு அதிகாரிகள் தடுக்கலாம். அப்படிப்பட்டதைக் கொண்டு போகாதீர்கள்.

5. அண்ணனும் தங்கச்சியும்

தங்கச்சி: அண்ணே, சார்ஜ் டோர்ச்ச பெரிய பெட்டிக்குள்ள, உடுப்புக்கு நடுவுல வச்சிட்டேன். சரிதானே?

அண்ணன்: மேலதிக பெட்டரி ஏதும் வச்சியா?

தங்கச்சி: ஆமாண்ணே, ரெண்டு. பவர் பேங்கும் அதுக்குள்ளதான் இருக்கு.

அண்ணன்: அத மொதல்ல வெளிய எடு புள்ள. மெஷின்ல பாத்தாங்கன்னா பெட்டிய நிப்பாட்டிருவாங்க. பெட்டி வராம நீ மட்டும் போய் எறங்குனா மாத்து உடுப்புக்கு என்னா செய்வ?

தங்கச்சி: அப்ப டோர்ச்சு?

அண்ணன்: அதையும் கைப்பையிலயே வையி. தற்செயலா எரியாதபடி சுவிட்ச பாத்துக்க.

6. பெட்டி கட்டும் முறை

- டோர்ச்சிலிருந்து பெட்டரியைக் கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் முழுதாக அணைத்து, சுவிட்ச் அமுங்காதபடி வையுங்கள். சாமான்களுக்குள் எரிந்துகொண்டே இருக்கும் டோர்ச்சும் சூடேறும்.
- கழற்றிய பெட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் போடுங்கள்.
- ஊதிய, நசுங்கிய, ஈரம் கசிந்த பெட்டரியை எந்தப் பையிலும் வைக்காதீர்கள்.
- காவல்காரர்கள் வைத்திருக்கும் நீளமான இரும்பு டோர்ச்சைத் தடி போல எண்ணி, கைப்பையில் விடாமல் போகலாம். சாதாரண பெட்டரி போடும் வகையென்றால் பெரிய பெட்டியில் வையுங்கள்.
- உள்ளே இடமில்லை என்று விமான வாசலில் கைப்பையைக் கேட்டு வாங்கினால், கொடுக்கும் முன் பவர் பேங்கையும் பெட்டரிகளையும் வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. விமானத்துக்குள்

நிறுவனத்துக்கு நிறுவனம் சட்டம் கூடுதலாக இருக்கும். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே. அதுவும் 100 வாட் அவருக்குக் குறைவாக இருக்க வேண்டும். உள்ளே அதைப் பாவிக்கவோ, சார்ஜ் பண்ணவோ, மேல் தட்டில் வைக்கவோ கூடாது. டிக்கெட் தரும்போதே முகவரிடம் உங்கள் விமானத்தின் சட்டத்தைக் கேளுங்கள்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். போன் நசுங்கித் தீப்பிடிக்கலாம். எந்தச் சாமானாவது சுட்டாலோ புகைந்தாலோ உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாது, ஏசுவார்கள் என்று கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். கையைத் தூக்கிக் காட்டினாலே போதும். உங்கள் உயிரும் எல்லோர் உயிரும் அதில் இருக்கிறது.

பயிற்சி

1. மேலதிக லித்தியம் பெட்டரி எந்தப் பையில் இருக்க வேண்டும்? ஏன்?
2. 15,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் எத்தனை வாட் அவர்?
3. உங்கள் வீட்டு டோர்ச்சில் இருப்பது எந்த வகைப் பெட்டரி? திறந்து பாருங்கள்.

(2ஆம் கேள்விக்கு விடை: 55.5)

உங்கள் லயத்தில் யாராவது பயணத்துக்கு ஆயத்தமாகிறார்களா? இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பெட்டியைப் பூட்டும் முன் கூடவே இருந்து ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.