கத்திரி முடிவதற்குள் மூட்டைப்பூச்சிக்கு முடிவு கட்டுங்கள்

மே மாதக் கத்திரி வெயிலை மூட்டைப்பூச்சி இருக்கும் வீட்டார் வீணாக்க வேண்டாம். ஜூனில் பிள்ளைகள் விடுதிக்குத் திரும்பும்போது பெட்டியோடு பூச்சியும் போய்விடும். அதற்குள் வேலையை முடித்துவிடுவது நல்லது.

முதலில் அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் அடித்து மெத்தையின் ஓரத் தையலை விரித்தால் பேனா மை தெறித்தது போலக் கரும்புள்ளிகள் தெரியும். ஈரத் துணியால் துடைத்தால் அவை துருநிறத்தில் இழுபடும். கட்டில் சட்டம் சேரும் இடுக்கில் பழைய ஏடிஎம் கார்டை விட்டு இழுங்கள். உரிந்த தோலும், 1 மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளை முட்டைகளும் வரும். ஆணித் துளை, கொசுவலை மடிப்பு, சுவர் விரிசல் எதையும் விடாதீர்கள்.

மெத்தையை மாடியில் காயப்போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மேல்புறம் சுட்டால் பூச்சி அடிப்புற நிழலுக்கு நகர்ந்துவிடும். சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டி, உள்ளே வரை இறங்கி நிற்க வேண்டும். அப்போதுதான் முட்டையும் சாகும். துணிமணி, போர்வையைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு, வாயை இறுகக் கட்டி, உச்சி வெயிலில் மொட்டைமாடித் தரையில் வையுங்கள். நடுவில் திருப்பிப் போடுங்கள். வெந்நீர் தாங்கும் துணியென்றால் 60 டிகிரியில் துவைப்பது இன்னும் உறுதி. கட்டிலைக் கழற்றி, பொருத்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள். சுவிட்சுப் பெட்டிப் பக்கம் மட்டும் தண்ணீர் போகவே கூடாது. மெத்தைத் தையலை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி, ஜிப் வைத்த உறையால் முழுக்க மூடி, ஓராண்டு கழற்றாமல் விடுங்கள்.

முட்டை பொரிக்க ஏறக்குறைய 6 முதல் 10 நாள் ஆகும். ஆகவே இதே வேலையை இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்தாக வேண்டும். ஒருமுறையோடு நிறுத்தும் வீடுகளில்தான் தொல்லை திரும்ப வருகிறது.

கடிக்குப் பயந்து ஹாலில் போய்ப் படுக்காதீர்கள். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் தேடி அவையும் அங்கே வந்துவிடும். அதே அறையில், கட்டிலைச் சுவரை விட்டு ஓரடி தள்ளிப்போட்டு, அதன் கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திப் படுங்கள். போர்வை தரையைத் தொடக்கூடாது.

இதைத் தயவுசெய்து கேளுங்கள்: தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் நச்சுவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அடுத்த வீட்டில் தூங்கும் குழந்தைகள் வரை அது பலி வாங்கியிருக்கிறது. மூட்டைப்பூச்சி கடித்தால் அரிப்பும் தூக்கக்கேடும்தான். அது நோய் பரப்புவதாகக்கூட உறுதியாகவில்லை. அதற்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கலாமா? மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பிடிக்கும். கடையில் வாங்கும் ஸ்பிரேக்களில் உள்ள பைரெத்ராய்டு மருந்துகளுக்குப் பல இடங்களில் பூச்சி பழகிவிட்டது.

வீடு முழுக்கப் பரவியிருந்தால் உரிமம் பெற்றவர்களை அழையுங்கள். அடிக்கப்போகும் மருந்தின் பெயரையும், எத்தனை மணிநேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டாரிடமும் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சுத்தமான வீட்டிலும் இது வரும். இரு வீட்டிலும் ஒரே நாளில் மருந்தடித்தால்தான் சுவர் தாண்டி ஓடாது.