ரோமெல் படையின் தொப்பியா, நேதாஜி படையின் தொப்பியா?

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், அந்தக் குளிரிலும் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டத்துத் துரைமார் நெட்டித் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். இந்திய வெயில் வெள்ளைக்காரர் மண்டையைத் துளைத்து மூளையைக் கலக்கிவிடும் என்று அந்தக் காலத்து வைத்தியர்களே சொல்லி வைத்திருந்தார்கள். அதே பயத்தோடுதான் தளபதி ரோமெலின் ஜெர்மன் படையும் 1941 பிப்ரவரியில் வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியில் இறங்கியது. அதன் சிப்பாய்களுக்கும் கனத்த வெயில் தொப்பி கொடுத்திருந்தார்கள். பாலைவனத்தில் அது இடைஞ்சலாக இருந்தது, குண்டையும் தடுக்கவில்லை. பெரும்பாலோர் சீக்கிரமே அதை ஓரங்கட்டிவிட்டு, முன்விளிம்பு நீண்ட பருத்தித் துணித் தொப்பிக்கு மாறினார்கள். போர்க்காலப் படங்களில் நாம் அதிகம் பார்ப்பது இந்தத் துணித் தொப்பியைத்தான். அதைச் சுற்றித்தான் இத்தனை கதைகளும்.

நம்பிக்கை: தொப்பியின் நிறத்தை வைத்தே எந்தப் படை என்று சொல்லிவிடலாம்.

உண்மை: கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறில்லை. தரைப்படைத் தொப்பி ஆலிவ் பச்சையில்தான் வந்தது. வெயிலும் உப்புத் தண்ணீர்ச் சலவையும் அதை மணல் நிறத்துக்கும், பிறகு ஏறக்குறைய வெள்ளைக்கும் கொண்டுபோயின. புதிதாக வந்து இறங்கியவர்களில் சிலர் பழைய ஆள் போலத் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே வெளுக்க வைத்தார்கள். ஆகவே ஒரே படத்தில் கருந்தொப்பியும் வெண்தொப்பியும் இருந்தால் அவை இரண்டு வகை என்று பொருளில்லை.

பிலிமும் தன் பங்குக்குக் குழப்பும். அன்று புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே விழும். நீலமோ வெளிறி வெள்ளையாகிவிடும். தொப்பியின் முன்பக்கம் தலைகீழ் ‘வி’ போலத் தைத்த நாடா, அணிந்தவர் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும்: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, பொறியாளர்களுக்குக் கறுப்பு, போக்குவரத்துக்கு வெளிர்நீலம். அந்த பிலிமில் பீரங்கிக்காரரும் பொறியாளரும் ஒன்றாகிவிடுவார்கள். காலாட்படையும் லாரி ஓட்டுநரும் அப்படித்தான். 1942-இல் இந்த நாடாவையே கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனால் பழைய தொப்பிகள் தலையில் தொடர்ந்ததால், நாடா இருக்கிறது என்பதற்காகப் படத்தை 1942-க்கு முன்னே தள்ளிவிட முடியாது.

நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தைப் பாருங்கள். வெப்பமண்டலத் தொப்பியில் பக்கவாட்டு மடிப்பு வெறும் ஒப்புக்குத் தைத்தது. இறக்கிக் காதை மூட முடியாது, முன்னால் பொத்தானும் கிடையாது. 1943-இல் வந்த கம்பளித் தொப்பியில் பொத்தான் இருக்கும், மடிப்பு உண்மையாகவே இறங்கும். கழுகுச் சின்னத்தில் சிறகுகள் நேராக விரிந்திருந்தால் தரைப்படை. பறக்கும் தோரணையில் வளைந்திருந்தால் விமானப்படை. உச்சியைச் சுற்றி வெள்ளிநூல் ஓரம் ஓடினால் அதிகாரி. ஆனால் ஓரம் இல்லாவிட்டால் சிப்பாய்தான் என்று சொல்லிவிடாதீர்கள், அதிகாரிகள் பலரும் சாதாரணத் தொப்பியோடே திரிந்தார்கள்.

நம்பிக்கை: தாத்தா ஜெர்மன் தொப்பியில் நிற்கிறார், ஆகவே ஜெர்மனியர் பக்கம் போரிட்டவர்.

உண்மை: நம் பக்கத்துக் குடும்பங்களில் இதற்கு நேர்மாறானதற்கே வாய்ப்பு அதிகம். பிரிட்டிஷ் தரப்பில் ரோமெலை எதிர்த்து நின்ற 4ஆவது இந்தியப் பிரிவில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 12ஆவது கள கம்பெனி இருந்தது. கண்ணிவெடி அகற்றுவது, பாதை போடுவதெல்லாம் ‘தம்பி’கள் என்று அழைக்கப்பட்ட இவர்களின் வேலை. துனீசியாவில் 1943 மே 12 அன்று ஜெர்மன் தளபதி ஃபொன் ஆர்னிம் சரணடைந்ததும் இதே பிரிவிடம்தான். வென்றவர்கள் தோற்றவரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது எல்லாப் போரிலும் நடப்பது. தொப்பிக்குக் கீழே பாருங்கள்: சட்டைப் பொத்தான், தோள்பட்டி, இடுப்பு பெல்ட். இவை பிரிட்டிஷ் பாணியில் இருந்தால் தலையில் இருப்பது வெற்றிச் சின்னம்.

நம்பிக்கை: ஜெர்மன் வெப்பமண்டலச் சீருடையில் இந்தியர் இருந்தால், அது ஆப்பிரிக்காவில் போரிட்ட இந்திய தேசிய ராணுவம்.

உண்மை: இதில் இரண்டு தவறு. அவர்கள் ஆசியாவில் இயங்கிய ஐ.என்.ஏ. அல்ல, சுபாஷ் சந்திரபோஸின் முயற்சியில் ஜெர்மனியில் உருவான சுதந்திர இந்தியப் படை, அதாவது 950ஆவது காலாட்படை ரெஜிமென்ட். வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகளே அதில் பெரும்பாலோர். ஆனால் படையாக அது ஆப்பிரிக்கா பக்கமே போகவில்லை. 1943-இல் நெதர்லாந்துக்கும், பிறகு பிரான்சில் போர்தோ அருகே லக்கானோவுக்கும் அனுப்பப்பட்டது. கோடையில் வெப்பமண்டலச் சீருடை, குளிர்காலத்தில் சாம்பல்பச்சைக் கம்பளி. 1944 பிப்ரவரியில் ரோமெல் இப்படையைப் பார்வையிட்ட படங்கள் உள்ளன. ரோமெலைக் கண்டதும் ‘பாலைவனம்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது அட்லாண்டிக் கரை. இப்படையின் அடையாளம் தொப்பியில் இல்லை, வலது கையில் இருக்கிறது: மூவர்ணத்தின்மேல் பாயும் புலி, ‘சுதந்திர இந்தியா’ என்று ஜெர்மனில் எழுத்து. சீக்கியர்கள் தலைப்பாகையைக் கைவிடவில்லை.

நம்பிக்கை: நேதாஜி ராணுவத் தொப்பியோடு பெர்லினில் நிற்கும் படம் இருக்கிறது.

உண்மை: ஜெர்மனியில் அவர் ராணுவச் சீருடையில் அல்ல, சாதாரண உடையில்தான் இருந்தார், 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்தபோதும்கூட. 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கியில் கிளம்பிய பிறகு, அந்த ஜூலையில் சிங்கப்பூர் அணிவகுப்பில்தான் சீருடையில் தோன்றினார். அங்கே அவர் அணிந்தது முன்விளிம்பு இல்லாத மடிப்புத் தொப்பி. அந்தத் தொப்பியோடு இருக்கும் படத்துக்கு ‘பெர்லின், 1942’ என்று போட்டிருந்தால், ஊரும் தப்பு, ஆண்டும் தப்பு.