பழைய பந்தயக் கார்

எந்திரம் உயிரற்றது, எனினும் அதற்கும் இளமையும் முதுமையும் உண்டு. ஓயாது உழைப்பதால் அதன் உறுப்புகள் தேய்கின்றன. உழையாது கிடந்தாலோ துருவேறிக் கெடுகின்றன. பேணுவாரைப் பெற்ற எந்திரம் தன்னைப் படைத்தவரினும் நெடுநாள் வாழ்வதுண்டு. பேணுவாரற்றது சில ஆண்டுகளிலேயே பழைய இரும்பாகிவிடும். முன்னொரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய காரை வீட்டுக் கொட்டகையில் வைத்துச் செப்பனிட்டுக் காக்கும் கலை, இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

சென்னையின் தென்புற ஊர்களுக்கும் இக்கலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் பெருங்களத்தூரும் வண்டலூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அப்பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிறுவனம் இங்கிலாந்து நாட்டு நிறுவனத்தின் துணையோடு கார்களை உருவாக்கியது. 1961 முதல் அங்கு உருவான ஹெரால்டு என்னும் சிறிய கார் தமிழ்நாட்டுச் சாலைகளில் பலருக்கும் அறிமுகமாயிற்று. அதன் வடிவத்தை வகுத்தவர் இத்தாலி நாட்டுக் கலைஞர் மிக்கெலாட்டி ஆவார்.

அக்காலத்தில் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம் கார்ப் பந்தயத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்காக அமைக்கப்பெற்ற ஓடுதளமே அங்குப் பந்தயக் களமாயிற்று. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அப்பந்தயங்களை நடத்தியது. அயல்நாட்டுக் கார்களை எளிதில் தருவிக்க இயலாத காலம் அது. ஆதலின் ஆர்வலர்கள் நம் நாட்டில் உருவான ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு முதலிய கார்களையே தம் கைத்திறனால் திருத்தியமைத்து ஓட்டினர். வேண்டாத சுமையைக் களைவர். எஞ்சினின் ஆற்றலைப் பெருக்குவர். பந்தயம் முடிந்ததும் கார் மீண்டும் கொட்டகைக்கே திரும்பும். களத்தில் பெறும் வெற்றிக்குக் கொட்டகையில் செய்த உழைப்பே வித்தாகும்.

ஹெரால்டு காரின் அமைப்பு இவ்வுழைப்புக்கு மிகவும் ஏற்றது. அதன் மேற்கூடு தனியே செய்யப்பட்டு, வலிய எஃகு அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். முன்மூடி முழுவதும் முன்புறமாகச் சாய்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சினும் முன்சக்கர உறுப்புகளும் ஒருங்கே காட்சி தரும். டயரின்மேல் அமர்ந்துகொண்டே பழுது பார்க்கலாம். இவ்வடிச்சட்டத்தைச் சற்றுக் குறுக்கி அமைத்த ஸ்பிட்ஃபயர் என்னும் கார், 1965-இல் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது.

பல்லாண்டு கிடந்த ஹெரால்டு ஒன்றைச் செப்பனிட முனைபவர் முதலில் சுத்தியலை எடுத்தல் ஆகாது. எழுதுகோலை எடுத்தல் வேண்டும். கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் படமாக வரைந்து, அதன் இடத்தைக் குறித்து, அதற்குரிய நட்டுகளோடு தனித்தனிப் பெட்டிகளில் இடுதல் வேண்டும். கழற்றுவது ஒரு நாளில் முடியும். பூட்டுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அத்துணை நாளும் நினைவை மட்டும் நம்புதல் பேதைமையன்றோ?

அடுத்து எஞ்சினை ஆராய்தல் வேண்டும். ஹெரால்டின் தொடக்கக் கால எஞ்சின் நான்கு உருளைகளும் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் உடல்நிலையைப் பிரித்துப் பாராமலே ஓரளவு அறியலாம். தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றி, அவை இருந்த துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினைச் சுழற்றினால் ஒவ்வோர் உருளையிலும் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பது தெரியும். ஓர் உருளையில் மட்டும் அழுத்தம் குறைந்திருப்பின் அங்குக் கசிவு உண்டு. அவ்வுருளையில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். அழுத்தம் உயர்ந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்தன என்று கொள்ளலாம். ஏனெனில் எண்ணெய் அவ்விடைவெளியைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. உயரவில்லையேல் குறை பெரும்பாலும் வால்வுகளில் இருக்கும். நாடி பார்த்து நோயறியும் மருத்துவரைப் போன்றே மெக்கானிக்கும் குறிகளைக் கொண்டு காரணத்தை உய்த்துணர்கிறார்.

இத்தொழிலில் நுண்மை மிகவும் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வுக்கும் அதனை அழுத்தும் கைக்கும் இடையே 0.010 அங்குல இடைவெளி இருத்தல் வேண்டும். இது கால் மில்லிமீட்டர் அளவேயாகும். இடைவெளி குறைந்தால், சூட்டினால் நீளும் வால்வு சரிவர மூடாது கருகும், மிகுந்தால் ஓசையெழும், ஆற்றல் குன்றும். எஞ்சினின் தலைப்பகுதியைப் பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சிறிது சிறிதாக முறுக்குதல் வேண்டும். ஒருபுறத்தை மட்டும் இறுக்கினால் தலைப்பகுதி கோணிவிடும்.

காரை ஓடச் செய்வதினும் நிற்கச் செய்வதே முதன்மையானது. பிரேக்குக்குரிய எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் ஈர்த்துக்கொள்ளும் தன்மையது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை தாழ்ந்துவிடும். விரைந்தோடும் காரை அடிக்கடி நிறுத்தும்போது எழும் வெப்பத்தால் அவ்வெண்ணெயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். எண்ணெய் எளிதில் அழுந்தாது, ஆவியோ அழுந்திவிடும். ஆகவே மிதி தரைவரை சென்றாலும் சக்கரம் நில்லாது. உயிருக்கே கேடு விளைவிக்கும் இக்குறை வெளித்தோற்றத்தில் சிறிதும் புலப்படாது. பளபளக்கும் வண்ணம் பூசிவிட்டுப் பழைய எண்ணெயையும் வெடித்த ரப்பர்க் குழாய்களையும் மாற்றாது விடுபவர், காரை அலங்கரித்தவரேயன்றிச் செப்பனிட்டவர் ஆகார்.

ஹெரால்டின் பின்சக்கர அமைப்பிலும் ஓர் இயல்புக் குறை உண்டு. கடும் வளைவில் விரைந்து திரும்பும்போது, வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடிய முற்படும். அப்போது காரின் பின்பகுதி எழும்பித் தடுமாறும். இதனை அறிந்தவர் வளைவுக்கு முன்னரே விரைவைக் குறைத்துக்கொள்வர். தம் எந்திரத்தின் வலிமையை மட்டுமன்றி அதன் மெலிவையும் அறிந்தவரே நல்ல ஓட்டுநர்.

தொழிற்சாலை 1988-இல் மூடப்பட்டபின் புதிய உறுப்புகள் கிடைப்பது அரிதாயிற்று. ஆர்வலர்கள் பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற புதுப்பேட்டையில் தேடுகின்றனர். அங்கும் கிட்டாதவற்றை லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்கின்றனர். 1958-இல் கிண்டியில் தொடங்கிய தொழிற்பேட்டை இத்தகைய சிறு தொழில்கள் வளர்வதற்கு வழிவகுத்தது. ஆனால் அரியது இரும்பு மட்டுமன்று. அதனைக் கையாளும் அறிவும் அரிதாகி வருகிறது. ஓசையைக் கேட்டே குறையைக் கூறவல்ல முதிய தொழிலாளரிடம் இளையோர் இன்றே கற்றுக்கொள்ளுதல் வேண்டும். ஏட்டில் எழுதப்படாத அறிவு, அதனை உடையவரோடு மறைந்துவிடும்.

இயற்கையும் சில வேளைகளில் சோதிக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் முதலிய இடங்களைச் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய கார்கள் பல. அத்தகைய காரை வெள்ளம் வடிந்தவுடன் முடுக்கிப் பார்ப்பது பெருந்தவறு. உருளைக்குள் புகுந்த நீர் காற்றைப் போல் சுருங்காது. மேலெழும் பிஸ்டன் அதன்மேல் மோத, அதனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய் வகைகளை எல்லாம் மாற்றிய பின்னரே எஞ்சினைச் சுழற்றலாம். அவசரப்பட்டவர் எஞ்சினை இழப்பர்; பொறுத்தவர் காப்பர்.

வீட்டுக் கொட்டகையில் பணிபுரிவோர் தம்மையும் காத்துக்கொள்ளுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே படுத்தல் வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமாதலால் தரையில் தேங்கும். சிறு பொறியும் அதனைப் பற்றவைக்கும். எஞ்சினிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. ஆதலின் கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓட்டுதல் ஒருகாலும் ஆகாது.

செப்பனிட்ட காரின் விரைவைக் காண விழைவோர் அதற்குரிய களத்தை நாடுதல் வேண்டும். அதற்கெனவே தாம்பரத்திற்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் பந்தயச் சாலை திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளும் முதியோரும் கடக்கும் பொதுச்சாலை பந்தயத்திற்கு உரியதன்று. விரைவு ஆற்றலைக் காட்டும்; அடக்கமே அறிவைக் காட்டும்.

ஒரு பழைய காரைக் காப்பதால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். பொருளைக் கெட்டவுடன் எறியாது, கெட்ட காரணத்தை நாடும் இயல்பு அதனால் வளர்கிறது. கைக்குத் திறனும், கண்ணுக்குக் கூர்மையும், மனத்திற்குப் பொறுமையும் கிடைக்கின்றன. நம் ஊரில் நம்மவர் உழைப்பால் உருவான பொருள் அடுத்த தலைமுறையின் கண்முன் நின்று ஓடுகிறது. இவையனைத்தும் கற்றோர்க்கும் தொழிலாளர்க்கும் ஒப்ப வேண்டிய செல்வங்களாகும்.