அடைமழையில் யூரியா எங்கே போகிறது?

நம்பிக்கை: சத்து கரைந்து போவது மணலில்தான், களிமண் கட்டி வைத்துக்கொள்ளும்.

மணலைப் பற்றிச் சொல்வது சரி. தேரி மணலில் ஒரு கனமழை போதும், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

களிமண்ணைப் பற்றிச் சொல்வதுதான் பாதி உண்மை. போட்ட யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. அதற்கு நேர்மின்னேற்றம், களித்துகளுக்கு எதிர்மின்னேற்றம், ஆகவே ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமுள்ள மண்ணில் அதே அம்மோனியம் நைட்ரேட்டாக மாறியதும் பிடி விட்டுப்போகிறது. களியில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் நைட்ரேட் உடனே கீழே ஓடிவிடாது. ஆனால் வயலில் நீர் தேங்கி மண்ணுக்குள் காற்று அற்றுவிட்டால், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மிச்சமுள்ள தழைச்சத்து வாயுவாகி வானத்துக்குப் போகிறது. கீழே போகவில்லை என்று நிம்மதியாக இருப்பவர் மேலே பார்ப்பதில்லை!

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நாலு நாள் தண்ணீர் நின்ற மக்காச்சோளத்தைப் பாருங்கள். அடி இலையின் நுனியில் தொடங்கும் மஞ்சள், நடுநரம்பை ஒட்டி உள்ளே ஏறும். வேர் மூச்சுவிட முடியாமல் போவதும் இதற்கு ஒரு காரணம். கரிசலுக்கு இன்னொரு குணமும் உண்டு: கோடையில் வெடித்த நிலத்தில் முதல் மழை அந்த வெடிப்பு வழியே விறுவிறுவென இறங்கும், மேலே கிடக்கும் உரத்தையும் கூட்டிக்கொண்டு.

நம்பிக்கை: மழைக்கு முன்னால் யூரியா வீசினால் மழையே உள்ளே இறக்கிவிடும்.

தூறலாக இருந்தால் நல்லதுதான். அம்மோனியாவாகப் பறப்பது குறையும். கனமழை என்றால் கதை வேறு. மாறாத யூரியாவுக்கு மின்னேற்றமே இல்லை; கரிசலும் அதை இறுக்கிப் பிடிக்காது. 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அதில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் போகும். மழை ஓய்ந்து, தண்ணீரை வடித்தபின், மேலுரத்தைப் பிரித்துப் போடுவதே லாபம். நெல்லுக்கு யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடுவது நம் ஊரில் பழகிய முறை.

நம்பிக்கை: மணிச்சத்து கரையாது, மழைக்குப் போகாது.

செம்மண்ணில் அது இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்வதால் கரைந்து போவது குறைவே. ஆனால் ஒட்டிய மண்ணே ஓடினால்? சரிவான செவல் காட்டில் மழை விட்டதும் ஓடையில் செக்கச்செவேலென்று ஓடும் தண்ணீரில் மணிச்சத்தும் சேர்ந்தே போகிறது. அங்கே இன்னொரு மூட்டை டிஏபி வாங்குவதைவிட, சரிவுக்குக் குறுக்கே உழுது வரப்பை உயர்த்துவது மலிவு.