குடிபோதையில் வாகனம் செலுத்திய வழக்கு: நீதிமன்றம் செல்லுமுன் அறிய வேண்டியவை

வட்டவளைக்கு மீளத் திரும்பியுள்ள உங்கள் குடும்பத்தில் முச்சக்கர வண்டியோ லொறியோ ஓட்டி உழைப்பவர் இருந்தால், இதனைச் சேர்ந்து வாசியுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் போனால் வீட்டு வருமானமும் போய்விடும்.

இலங்கையில் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பதே எல்லை. கோப்பி குடித்தாலும் குளித்தாலும் அது இறங்காது. நேரம் போனால்தான் இறங்கும். இரவு அதிகம் குடித்தவர் விடியற்காலையிலும் அகப்படலாம்.

சந்தேகம் வந்தால் பொலிஸார் கருவியில் ஊதச் சொல்வார்கள். அரச வைத்தியரிடமும் அழைத்துச் செல்லலாம். மறுத்தால் தப்பலாம் என எண்ணாதீர்கள். மறுப்பவர் மது அருந்தியிருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும். மறித்த நேரம், சோதித்த நேரம் இரண்டையும் குறித்துவையுங்கள்.

வழக்கு ஹட்டன் நீதவான் நீதிமன்றத்திற்கு வரும். குற்றச்சாட்டை வாசித்து, ஏற்கிறீர்களா எனக் கேட்பார்கள். ஏற்றால் தண்டனை உடனேயே வரலாம்: தண்டப்பணம், அனுமதிப்பத்திர இடைநிறுத்தம், சிறையும்கூட. மறுத்தால் விசாரணை நடக்கும். சோதனை பற்றிப் பொலிஸாரையும் வைத்தியரையும் உங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யலாம்.

வடக்கு கிழக்கைப் போலன்றி, இங்கு வழக்குகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. விளங்காமல் தலையாட்டாதீர்கள். "எனக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மொழிபெயர்ப்பு வசதியை அரசே தரவேண்டும். சட்டத்தரணிக்குப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். தவணைத் திகதியை மட்டும் தவறவிடாதீர்கள்; வராதவருக்குப் பிடியாணை பிறக்கும்.